வடக்கு வேலிக் கொம்பன்

ஏப்ரல் 9

மறுபடியும் பனி, நாலு அங்குலம். கன்று மூன்று, ஒன்று செத்தே பிறந்தது. முட்டை ஆறு. என் புருஷன் ஆரின், காபியில் உப்பைப் போட்டுக் கலக்கிக் குடித்தான். நன்றாக இருக்கிறது என்றான்.

பில்லிங்ஸிலிருந்து மகள் கார்லா போனில் பேசினாள். மைல்ஸ் சிட்டி முதியோர் இல்லத்தில் ஜூன் இருபதாம் தேதி ஓர் இடம் காலியாகிறதாம். “இதை விட்டா அடுத்த வருஷம்தாம்மா. நீ ஒருத்தியா எத்தனை நாளைக்கு அப்பாவைப் பாத்துப்பே?” என்றாள்.

“இருநூறு மாட்டைப் பாத்துக்கறேன்ல?”

“அப்பா மாடு இல்லம்மா.”

அதுதானே பிரச்சினை. மாட்டுக்குத் தன் கொட்டகை எது என்று தெரியும். மகளிடம் இதைச் சொல்லவில்லை. சரி, இருபதாம் தேதி என்று ஒத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 10

காற்று. கன்று இரண்டு. ஆரின் நாளெல்லாம் ஜன்னலிலேயே நின்றான்.

ஏப்ரல் 14

விடியும்போது படுக்கையில் ஆளைக் காணோம். பூட்ஸ் இல்லை, கொட்டகையில் மண்வெட்டி இல்லை. நான் ரப்பர் செருப்போடு ஓடி எல்லாப் பக்கமும் கத்தினேன். எட்டு மணிக்கு லைல் தன் வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். முழங்கால் வரை களிமண்.

“உன் புருஷன் ரோட்டோரப் பள்ளத்துல நின்னு மண்ணை வெட்டிக்கிட்டு இருக்கான் வெர்னா. என்னடா, புதையலான்னு கேட்டா வாயே தெறக்க மாட்டேங்கறான்.”

லைல் பக்கத்துப் பண்ணைக்காரன். ஐம்பது வருஷமாக எங்களைக் கிண்டல் செய்தே வயதானவன். இன்று அவனும் சிரிக்கவில்லை.

வெந்நீரில் ஆரினின் காலைக் கழுவிவிட்டேன். விரல்கள் நீலமாகியிருந்தன.

“எங்கே போனே?”

“மழை வருது. அதை மூடணும். துணி கிழிஞ்சிருக்கும்.”

“எதை மூடணும்?”

என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் எல்லாத் தெளிவும் இருந்தது. நான் யார் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

“உன்கிட்ட சொன்னா நீ சிரிப்பே.”

ஏப்ரல் 15

எழுதித்தான் தீரவேண்டும்.

1986, மே மாதம். கன்றுகளுக்குச் சூடு போடும் நாள். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் பத்தொன்பது பேர் எங்கள் வீட்டில். மாட்டிறைச்சியும் பீன்ஸும் பரிமாறிக்கொண்டிருந்தேன். ஆரின் எழுந்து நின்றான். அவன் கூட்டத்தில் பேசுகிற ஆளே இல்லை. முகம் சிவந்துபோய்ச் சொன்னான்: “நம்ம நிலத்துல ஒரு தலை கண்டுபிடிச்சிருக்கேன். டைனோசர். பிக்கப் வண்டி எஞ்சின் மூடி அளவு இருக்கும். மூணு கொம்பு.” கையை விரித்துக் காட்டினான்.

நான் சட்டென்று சொன்னேன்: “மூக்கு மேல இருக்கற கண்ணாடியே இவனுக்குக் கிடைக்காது. இவனுக்குக் கொம்பு கிடைச்சிருக்காம்! இனிமே இவனைக் கொம்பன்னே கூப்பிடுங்க.”

பத்தொன்பது பேரும் சிரித்தார்கள். லைலுக்குப் புரையேறி பீன்ஸ் மூக்கில் வந்தது. ஆரினும் சிரித்தான், பிறகு உட்கார்ந்து நான் சுட்டிருந்த ரூபார்ப் பை பலகாரத்தைச் சாப்பிட்டான். அதற்கப்புறம் இருபத்தைந்து வருஷமாக அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. கொம்பன் என்ற பெயர் மட்டும் மாவட்டம் முழுக்கப் பரவியது. ஏதோ மரக்கட்டையைப் பார்த்து ஏமாந்திருக்கிறான் என்று நினைத்து நான் மறந்தே போனேன்.

கதை விடுகிறவனாக இருந்தால், எல்லாம் மறந்துபோன பிறகும் துணி கிழிந்திருக்கும் என்று கவலைப்படுவானா? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போவானா?

அப்படியென்றால் அது இருக்கிறது. மூடி வைத்திருக்கிறான். எங்கே என்பது அவன் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது, அந்தத் தலையோ தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகிறது.

ஜூன் இருபதுக்குள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அவனை அதன் பக்கத்தில் நிறுத்தி, நானும் நின்று, பார்த்துவிட்டேன், சிரிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அது அவனுக்குப் புரிகிற நிலையில் அவன் இருக்கும்போதே சொல்ல வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

ஏப்ரல் 19

எங்கே என்று கேட்டால் நேற்று கிழக்கு என்றான். இன்று காலையில் காற்றாடிக் கிணற்றுப் பக்கம் என்றான். மத்தியானம் “நான் ராணுவத்துல இருந்தப்ப” என்று ஆரம்பித்தான். வண்டியில் ஏற்றிக்கொண்டு மூன்று மணி நேரம் சுற்றினேன். ஒரு வானம்பாடியைக் காட்டினான்.

பன்னிரண்டாயிரம் ஏக்கர். அதில் பாதி மழையில் கரைந்த மண்மேடும் பள்ளமும். எங்கே என்று தோண்டுவது?

ஏப்ரல் 24

ஈஸ்டர். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் விருந்து. ஆரின் இரண்டு தட்டு பன்றித்தொடை சாப்பிட்டான். லைல் வந்து, “கொம்பன் எப்படி இருக்கான்?” என்றான்.

“அவனை அப்படிக் கூப்பிடாதே.”

“அடடே! நீ வெச்ச பேருதானே வெர்னா?”

தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தேன். அவன் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 26

அருங்காட்சியகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் சிரிக்கவில்லை.

மே 3

அந்தப் பெண் இன்று வந்தாள். பெயர் ரெனாட்டா. முப்பத்தைந்து வயது இருக்கும், முகமெல்லாம் வெயில் பட்டுத் தோலுரிந்திருக்கிறது. ஆரின் அவளிடம் நல்ல பிள்ளையாகப் பேசினான், ஆனால் தலையைப் பற்றிக் கேட்டதும் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இந்த மண்ணுல மூணு கொம்பு டைனோசர் தலை கிடைக்கறது அதிசயமில்லீங்க. எங்கேன்னு தெரியணும், அவ்வளவுதான்,” என்றாள் ரெனாட்டா. எப்படித் தேடுவார்கள் என்று சொன்னாள். மண்மேட்டில் ஓர் எலும்பு வெளியே எட்டிப் பார்த்தால், மழையும் பனியும் அதை உடைத்துத் துண்டு துண்டாகக் கீழே உருட்டிவிடுமாம். அடிவாரத்தில் அந்தத் துண்டுகளைப் பார்த்தால், அவற்றைப் பிடித்துக்கொண்டே மேலே ஏற வேண்டும். எந்த இடத்துக்கு மேல் துண்டு இல்லையோ, அங்கேதான் மிச்சம் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு யாரும் தோண்டுவதில்லை.

காருக்குப் போகிற வழியில் என் பூப்பாத்தி ஓரம் நின்றாள். பிறகு குந்தி உட்கார்ந்தாள்.

பாத்தியைச் சுற்றி நான் கல் பதித்திருக்கிறேன். வசந்தம் வந்தால் எல்லாவற்றுக்கும் வெள்ளையடிப்பேன். இந்த வருஷம் அடிக்கவில்லை, சுண்ணாம்பு உரிந்து கிடக்கிறது. ரெனாட்டா ஒரு கல்லைப் பெயர்த்துக் கத்தியால் சுரண்டினாள். அப்புறம் அதை நாக்கில் வைத்தாள்! நல்ல பெண் என்று நினைத்தேனே என்றிருந்தது.

“வெறும் கல்லுன்னா நாக்குல ஒட்டாதுங்க. எலும்புன்னா ஒட்டும். வெச்சுப் பாருங்க.”

வைத்தேன். ஒட்டிக்கொண்டது.

நாற்பத்தொரு கல்லில் இருபத்தாறு எலும்பு. சுரண்டினால் மேலே வற்றிப்போன ஓடைகள் போலக் கோடு கோடாக ஓடுகிறது. இரத்தக் குழாய் போன தடமாம். கொம்பிலும் முகத்திலும் இந்தப் பிராணிக்குத்தான் அப்படி இருக்குமாம். பாத்தி மூலையில் என் முன்னங்கை நீளத்துக்குக் கூராக ஒன்று இருக்கும். களை பிடுங்கும்போது அதன்மேல்தான் கையை ஊன்றிக்கொள்வேன். அதை இரண்டு கையாலும் தூக்கி, “இது கொம்போட நுனிங்க,” என்றாள். “எங்கே எடுத்தீங்க?”

“எல்லா இடத்துலயும்தான். வருஷா வருஷம் வேலி பாக்கப் போறப்ப, அழகா இருந்தா எடுத்துட்டு வருவேன்.”

அவள் நுனியைப் பத்திரமாகக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாக, “வழி காட்டறதே இதுங்கதாங்க,” என்றாள்.

மே 4

வழியையே பொறுக்கிக்கொண்டு வந்து, வெள்ளையடித்து, பெட்டூனியாச் செடிக்குக் காவல் வைத்திருக்கிறேன். அறிவு கெட்டவள். அறிவு கெட்டவள்.

மே 7

மழை வருவதற்குள் ஏதாவது செய்ய வேண்டுமே என்று பரபரத்துக்கொண்டிருந்தேன். காலையில் கோழிக்குத் தீனி போடும்போது தோன்றியது: நான்தான் எல்லாவற்றையும் எழுதுகிறவளாயிற்றே!

தீவனக்கடையில் கிறிஸ்துமஸுக்கு இலவசமாகத் தருகிற இந்த நாட்குறிப்புதான். கல்யாணமானதிலிருந்து ஒரு வருஷம்கூட விட்டதில்லை. மழை எத்தனை அங்குலம், கன்று எத்தனை, யார் வந்தார்கள், வீட்டுக்கு என்ன கொண்டு வந்தேன். ஆரின் எப்போதும் கேலி செய்வான்: “இதை எந்த மகராசி படிக்கப் போறா?” அந்த மகராசி நானேதான். பரணிலிருந்து பெட்டிகளை இறக்கினேன்.

“1979 மே 2. வடக்கு வேலி. கம்பி மூன்று இடத்தில் அறுந்திருக்கிறது. பாத்திக்குக் கல் இரண்டு.”

“1981 ஏப்ரல் 30. வடக்கு வேலி. காற்று. கல் மூன்று. ஒன்று நீளமாக, கனம். ஆரின் முணுமுணுத்தான்.”

“1984 மே 6. வடக்கு வேலி, பாம்பு ஒன்று அடித்தோம். கல் ஐந்து.”

மற்ற வேலிகளிலிருந்து எடுத்தது குறைவு. 1986 வரை எண்ணினேன். வடக்கு வேலியில் மட்டும் இருபத்தொன்பது கல். அதற்குப் பிறகு அங்கிருந்து ஒன்றுகூட இல்லை. ஏன்? விடை அடுத்த வருஷத்து நோட்டிலேயே இருந்தது.

“1987 ஏப்ரல் 28. ஆரின் வடக்கு வேலிக்குத் தனியாகப் போனான். நான் வரவேண்டாமாம்.”

“1988 மே 1. வடக்கு வேலி, தனியாக. போகட்டும்.”

“1991 மே 3. சாண்ட்விச் கட்டிக் கொடுத்தேன். அப்படி என்னதான் இருக்கிறதோ அங்கே.”

“1994 ஏப்ரல் 29. யாராவது இருக்கிறாளோ?”

ஆமாம், அந்த வருஷம் அவன் சட்டையைக்கூட முகர்ந்து பார்த்தேன். மாட்டு நாற்றம்தான் அடித்தது. நான் இத்தனை வருஷம் சந்தேகப்பட்டவளுக்கு மூன்று கொம்பு!

வடக்கு வேலி. நாலு மைல். நாலு மைல்தானே, பன்னிரண்டாயிரம் ஏக்கர் இல்லையே.

மே 11

மழை, முக்கால் அங்குலம். இந்தக் களியில் சக்கரம் நாலடி உருளாது. ரெனாட்டாவை வரவேண்டாம் என்றேன்.

மே 12

மழை.

மே 15

மழை. ஆரின் இன்று கார்லாவின் படத்தைக் காட்டி, “இந்தப் பொண்ணு யாரு?” என்றான்.

மே 20

ஒன்றரை அங்குலம். ஓடைப் பாலம் முழுகிவிட்டது. அவன் ஜன்னலில் நின்று “துணி கிழிஞ்சிருக்கும், துணி கிழிஞ்சிருக்கும்” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். கையைப் பிடித்து உட்காரவைத்தால் எழுந்து எழுந்து போகிறான். நிற்கவே நிற்காதா இந்தப் பாழும் மழை? பண்ணைக்காரி மழையைச் சபிக்கக் கூடாது. சபிக்கிறேன்.

மே 29

ரெனாட்டா இரண்டு மாணவிகளோடு வந்து, நேற்றும் இன்றும் நாலு மைலையும் நடந்தாள். ஒவ்வொரு சரிவாக ஏறி இறங்கினார்கள். நானும் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனேன். ஒரு துண்டு இல்லை. அடிவாரம் முழுக்கத் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. துடைத்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும், நல்ல பிள்ளைகள், யாரும் சொல்லவில்லை.

“நாளைலேர்ந்து வேற இடத்துல வேலைங்க. ஜூலை கடைசியில கண்டிப்பா வர்றேன்.”

“ஜூலைல அவன் இங்க இருக்க மாட்டான்.”

“தெரியுங்க,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையும் என் கை மாதிரியே காய்த்துப் போயிருக்கிறது.

மே 30

இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

காலையில் ஆரினின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினேன். “எங்கடா வெச்சே? சொல்லித் தொலையேன்! எங்கே?” என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவன் கையைத் தூக்கித் தலையை மறைத்துக்கொண்டான், அடிப்பேன் என்று நினைத்து. நாற்பத்தெட்டு வருஷத்தில் ஒருவரை ஒருவர் தொட்டு அடித்ததில்லை நாங்கள்.

கொஞ்ச நேரம் கழித்து வந்து, “நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?” என்று கேட்டான்.

கோழிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். கடவுளே, ஒண்ணு இவன் நினைவைத் திருப்பிக் குடு, இல்லன்னா என் நினைவையும் எடுத்துக்கோ. எனக்கு மட்டும் எல்லாம் ஞாபகம் இருக்கே, அந்தச் சிரிப்பு, அந்தப் பையைத் தின்னுட்டு அவன் தட்டைக் கழுவப் போனது — என்னால முடியல.

ஜூன் 2

நிதானமாக எழுதுகிறேன்.

வெயில். நிலம் காய்ந்துவிட்டது. வடக்கில் நாலு மாடு வெளியே போய்விட்டன. தேடல் தோற்றால் என்ன, வேலி வேலிதானே? லைலை ஆரினோடு உட்காரவைத்துவிட்டுக் கம்பியும் குறடும் எடுத்துக்கொண்டு போனேன். மேற்கு மூலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வேலி விஷயத்தில் ஆரின் ஒரு வெறியன். மூலைக் கம்பத்தில் கன்னத்தை ஒட்டவைத்து நீளப் பார்க்க வேண்டும், அதுதான் அவன் முறை. வேலி நேராக இருந்தால் ஒரே ஒரு கம்பம்தான் தெரியும். மற்ற எல்லாம் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஒரு விரல் விலகினாலும் பிடுங்கி மறுபடி நடுவான். “உன் வேலி குடிச்சுட்டு நடக்குதாடா?” என்று லைலைக் கேட்டுக் கேட்டே மானத்தை வாங்குவான்.

கல்யாணமான வருஷம் எனக்கும் கற்றுக் கொடுத்தான். இன்று பழக்கத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன்.

ஒரு கம்பம் தெரிந்தது. அதற்குப் பின்னால், ரொம்ப தூரத்தில், இன்னும் இரண்டு தெரிந்தன. வலது பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டு.

ஆரின் நட்ட வேலியில் இரண்டு கம்பம் கோணல்! பக்கத்தில் நடந்தால் தெரியவே தெரியாது. மூலையிலிருந்து பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும், அப்படிப் பார்க்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி, என்னை இருபத்தைந்து வருஷமாக அவன் அங்கே விடவில்லை.

வண்டியை ஓட்டினேனா பறந்தேனா தெரியாது. மாடுகள் எப்போதும் வேலியை ஒட்டித்தான் நடக்கும், மண்ணைக் குழைத்துப் போடும். அந்த மண்மேட்டின் அடியை மாட்டுக் குளம்பு மிதிக்கக் கூடாதென்று வேலியையே இரண்டு கஜம் இந்தப் பக்கம் வளைத்திருக்கிறான். கம்பிக்கு அப்பால் ஒரு சரிவு. அதில் சேஜ் புதர்கள், நட்டுவைத்த மாதிரி.

மண்வெட்டியால் முழங்கை ஆழம் வெட்டினேன். பச்சைத் தார்ப்பாய் வந்தது. எங்கள் வைக்கோல் போர் மூடுகிற தார்ப்பாய். வருஷத்துக்கு ஒன்று காணாமல் போகும், லைல்தான் திருடுகிறான் என்று நான் அவனை முறைத்துக்கொண்டிருந்தேன். அதற்கடியில் இன்னொன்று. அதற்கடியில் இன்னொன்று. பழையதன் மேல் புதிதாக, வருஷா வருஷம் போர்த்தியிருக்கிறான், குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி. ஒரு மூலையில் எல்லாமே கிழிந்து தண்ணீர் இறங்கியிருந்தது. அவன் சொன்னது சரிதான்.

கடைசித் துணியை விலக்கினேன். பழுப்பாக, என் தொடை கனத்துக்கு, ஒரு கொம்பு.

சிரிக்கவில்லை ஆரின். எழுதி வைக்கிறேன். சிரிக்கவில்லை.

ஜூன் 4

ரெனாட்டா அந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாள். தூரிகையால் மண்ணைத் தள்ளத் தள்ள முகம் வருகிறது: கிளி மூக்கு, கண் குழி, கழுத்துக்குப் பின்னால் பெரிய தட்டு. பிக்கப் வண்டி மூடி அளவு. சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். தண்ணீர் இறங்கிய மூலையில் தட்டு கொஞ்சம் நொறுங்கியிருக்கிறது. “இன்னும் ஒரு மழைக்காலம் போயிருந்தா இந்தப் பக்கம் பூராவும் போயிருக்குங்க,” என்றாள். மூக்குக் கொம்பும் வலது கொம்பும் முழுசு. இடது கொம்பின் நுனி இல்லை.

ஆரினை உடனே கூட்டி வருகிறேன் என்றேன்.

ஜூன் 5

காய்ச்சல். ஆரின் எழுந்திருக்கவில்லை.

ஜூன் 6

நெஞ்சில் சளி. கண்ணைத் திறக்கவில்லை. டாக்டர் ஊசி போட்டுவிட்டுக் கார்லாவை வரச் சொன்னார். ஐயோ, இப்பவா? கண்டுபிடிச்சப்புறமா? ரெண்டு நாள் இருடா. ரெண்டே ரெண்டு நாள்.

ஜூன் 7

சூப் மூன்று கரண்டி.

ஜூன் 10

காய்ச்சல் விட்டது. கம்பளியைச் சுற்றி வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போனேன். பூப்பாத்தியில் கிடந்த கொம்பு நுனியைத் துணியில் மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

குழிக்குப் பக்கத்தில் இறங்கியதும் அவன் முதுகு நிமிர்ந்தது. தலையைப் பார்த்தான். நேராக நடந்து போய், விலக்கிப் போட்டிருந்த தார்ப்பாயின் கிழிந்த மூலையைத் தடவினான். “கிழிஞ்சுதான் போச்சு,” என்றான். தெரிகிறது அவனுக்கு, எல்லாம் தெரிகிறது! நான் பக்கத்தில் போய், மனதுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

அவன் என் பக்கம் திரும்பித் தொப்பியைக் கழற்றினான். வெளியாட்களுக்கு மட்டும்தான் அவன் தொப்பியைக் கழற்றுவான்.

“மியூசியத்துலேர்ந்து வந்தவங்களா நீங்க?”

ரெனாட்டா ஏதோ சொல்ல வந்தாள். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். “ஆமாங்க,” என்றேன்.

“பாத்து வாங்க, மண்ணு வழுக்கும்.” முழங்கையைப் பிடித்து என்னை இறக்கிவிட்டான். “பயப்படாதீங்க. இது தழை தின்னுற பிராணி, சாது. கொம்பைப் பாத்து மிரளக் கூடாது, எங்க காளைக்கும்தான் கொம்பு இருக்கு. மழைல ஊறிடக் கூடாதுன்னு வருஷா வருஷம் போர்த்தி வெப்பேன்.” இத்தனை வார்த்தை அவன் சேர்ந்தாற்போல் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. “இந்த இடது கொம்பு நுனி மட்டும் கிடைக்கலீங்க. இந்தச் சரிவு பூரா எத்தனை தேடினேன் தெரியுமா!”

மடித்த துணியிலிருந்து நுனியை எடுத்து நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கொம்பின் முறிந்த வாயில் வைத்தான். பொருந்திக்கொண்டது, ஒரு மயிரிழை இடைவெளி இல்லாமல்.

“இதுல யாருங்க சுண்ணாம்பு அடிச்சது?”

“யாரோ ஒரு அறிவு கெட்டவ.”

சிரித்தான். கிறிஸ்துமஸுக்குப் பிறகு இப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன். “என் பொண்டாட்டியும் இப்படித்தாங்க. கண்ணுல பட்ட கல்லுக்கெல்லாம் வெள்ளையடிப்பா. நல்லவ, வாய்தான் கொஞ்சம் நீளம்.” குரலைத் தாழ்த்தினான். “அவகிட்ட இதை இன்னும் காட்டலீங்க. நான் சொன்னா சிரிப்பா. நீங்க மியூசியத்துக்காரங்க, நீங்க சொன்னா நம்புவா. சொல்றீங்களா?”

“சொல்றேங்க.”

“மறந்துடாதீங்க.”

“மறக்க மாட்டேன்.”

இவ்வளவையும் எழுதிவிட்டேன். தேடினது கிடைத்தது. அவனுக்குக் கிடைத்தது, சந்தோஷமாகத்தான் இருந்தான். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம் சொல்ல, ‘நான்தான், வெர்னா, சிரிக்கவில்லை’ என்று. ஒரு மாதம் பிந்திவிட்டேன். இல்லை, இருபத்தைந்து வருஷம் பிந்திவிட்டேன்.

ஜூன் 20

கார்லா வண்டி ஓட்டினாள். ஆரின் அறை கிழக்குப் பார்த்தது. இனிமேல் தேவைப்படாது என்று அவன் பூட்ஸை இல்லத்தில் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 6

சாக்கும் பிளாஸ்டரும் வைத்து, கால் முறிந்தவனுக்குப் போடுகிற மாவுக்கட்டு மாதிரி தலை முழுக்கக் கட்டி, டிராக்டரில் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். லைலின் டிராக்டர்தான். லாரி போகும்வரை லைல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

அக்டோபர் 13

உறைபனி. கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்து மூன்றாம் நாள், கத்தல் ஓய்ந்துவிட்டது. காலையில் வடக்கு வேலி, இனி அது என் வேலை. லைல் உதவிக்கு வந்தான். “அந்த ரெண்டு கம்பத்தையும் நேராக்கிடலாமா வெர்னா? இனிமே அங்கதான் ஒண்ணும் இல்லையே,” என்றான். வேண்டாம் என்றேன். அவனும் கம்பத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, கம்பியை மட்டும் இழுத்துக் கட்டினான். கொம்பன் என்று அவன் கூப்பிட்டுக் கேட்டு நாளாகிவிட்டது.

வியாழக்கிழமை, அதனால் மத்தியானம் மைல்ஸ் சிட்டி. ரூபார்ப் பை கொண்டுபோனேன். ஆரின் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினான். வீட்டுக்குள்ளும் தொப்பிதான் இப்போது. வாராவாரம் கேட்பதைக் கேட்டான்.

“என் பொண்டாட்டிகிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேங்க. நேர்லயே கூட்டிட்டுப் போய்க் காட்டினேன்.”

“சிரிச்சாளா?”

“இல்லீங்க. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னா. நீங்க சொன்ன அளவுதான், ஒரு அங்குலம்கூடக் கூட்டிச் சொல்லலைன்னு சொன்னா. அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி அப்படிப் பேசினதுக்கு மன்னிச்சுக்கச் சொன்னா.”

வழக்கமாக இந்த இடத்தில் “அப்ப சரி” என்று பையைச் சாப்பிட ஆரம்பித்துவிடுவான். இன்று கரண்டியைக் கீழே வைத்தான்.

“அவ நல்லவங்க. அதையெல்லாம் மனசுல வெச்சுக்கிட்டாளா பாவம்,” என்றான். “அவளையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்களேன். பாத்து ரொம்ப நாளாச்சு.”

“சரிங்க. கூட்டிட்டு வர்றேன்.”

வீடு வந்து சேர ஆறு மணி. முட்டை நாலு. மழை இல்லை.